சிக்னல் மாடனும் கலிபோர்னியா ரயில் கம்பெனியும்

மகள் கலிபோர்னியாவில் இருக்கிறாள் என்றா சொன்னீர்கள்? அடடா, ஏறியவுடனே சொல்லியிருக்கக் கூடாதா, சார்? இவ்வளவு நேரம் வெயிலைப் பற்றியும் வெங்காயத்தைப் பற்றியும் பேசி வீணடித்துவிட்டோம். போகட்டும். வண்டி அவுட்டரில் நின்றுவிட்டது. இரட்டைப் பாதை வந்துவிட்டால் எந்த வண்டியும் எங்கேயும் நிற்காது என்று சொல்லித்தான் போட்டார்கள். போட்டும்விட்டார்கள். நிற்கிறது. இன்றைக்கு அதுவும் நல்லதுதான். கலிபோர்னியாவைப் பற்றிப் பேச எனக்கு ஆளே கிடைப்பதில்லை.

இல்லை, நான் போனதில்லை. பாஸ்போர்ட்டே கிடையாது. நான் எங்கள் ஊர் முன்சீப் கோர்ட்டில் வக்கீல். ஆனால் நூற்று நாற்பது வருடத்துக்கு முன்னால் அந்த ஊரில் ஒரு ரயில் கம்பெனிக்கும் ஒரு கவுண்டிக்கும் நடந்த வழக்கை என்னிடம் கேளுங்கள். கவுண்டி என்றால் நம் ஜில்லா மாதிரி. அந்த வழக்கை உங்கள் மகள்கூட இவ்வளவு தெரிந்து வைத்திருக்க மாட்டாள்.

ஜன்னல் வழியாகக் கொஞ்சம் எட்டிப் பாருங்கள். முன்னால் சிக்னல் கம்பம் தெரிகிறதா? அதற்குக் கீழே புதுத் தண்டவாளம் ஓடுகிறது இல்லையா, அந்த இடத்தில்தான் சிக்னல் மாடன் இருந்தார். செங்கலும் மண்ணும் வைத்துக் கட்டி வெள்ளையடித்த பீடம், இடுப்பு உயரம். அதுதான் சாமி. டிரைவர்கள் இந்த இடத்தைக் கடக்கும்போது ஒரு ஹாரன் கொடுப்பார்கள். தண்டவாள வேலை செய்கிற கேங்மேன்கள் பெரிய வேலை தொடங்குமுன் தேங்காய் உடைத்து, சுருட்டு பற்றவைத்து வைப்பார்கள். வெள்ளிக்கிழமை என்றால் முட்டை, சோறு, ஒரு குவார்ட்டர்.

பக்கத்தில் தகரம் போட்டுப் பேச்சித்தாய் என்று ஓர் அம்மாள் இருந்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். புருஷன் இல்லை. சாமிக்குப் பூசையும் அவள்தான், அங்கே தேங்காயும் சுருட்டும் விற்றதும் அவள்தான், கேங்மேன்களுக்கு டீ போட்டுக் கொடுத்ததும் அவள்தான். சாமி பாதி, வியாபாரம் பாதி. வீடும் அதே தகரம்தான்.

இரட்டைப் பாதைக்கு அளந்தபோது புதுத் தண்டவாளம் நேராக மாடன் நெஞ்சு வழியாகப் போனது. பேச்சித்தாய் என் ஆபீசுக்கு வந்தாள். வந்தவள் என்ன கேட்டாள் தெரியுமா?

"வக்கீலய்யா, வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு குச்சில் போடுத அளவு எடம் சும்மா கெடக்கு. அதுவும் ரயிலுக்காரன் எடந்தான். அத மட்டும் வாங்கிக் குடுத்துருங்க. ஒரு பிடிமண் எடுத்துட்டுப் போனா மாடன் பின்னாலயே வந்துருவாரு. அவருக்கு ஒண்ணுமில்ல. எனக்குத்தான் எடம் வேணும்."

பிடிமண் உங்களுக்குத் தெரியும்தானே? எங்கள் பக்கத்து வழக்கம். பழைய பீடத்திலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்துப்போய் வேறு இடத்தில் பீடத்துக்குள் வைத்துக் கட்டினால் சாமி அங்கே குடியேறிவிடும். பிழைக்கப் போன இடத்துக்கெல்லாம் மாடனை இப்படி மடியில் முடிந்து கொண்டுபோனவர்கள் உண்டு. பழைய இடத்தில் மிச்சமிருப்பது வெறும் செங்கல்.

பாவம், படிக்காத பெண்பிள்ளை. தன் கையில் எப்பேர்ப்பட்ட வழக்கு இருக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை.

பாதை இன்ஜினீயர் தாமஸ் ஞானமுத்துவும் என்னைத் தேடி வந்தார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிற மனிதர். இருந்தாலும் பெரிய வேலை என்றால் கேங்மேன் கையில் தேங்காய்க்குக் காசு கொடுத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொள்வார். அவர் சொன்னார்: "சார், வேலிக்கு வெளிய அந்தத் துண்டு நிலத்துக்கு நான் மேல எழுதி வாங்கித் தாரேன். எத்தனையோ இடத்துல செஞ்சிருக்கோம். கேஸ் மட்டும் போட்டுராதீங்க. கேஸ் போட்டா ஃபைல் என் கைய விட்டுப் போயிரும்."

போட்டேன்.

நீங்களே யோசித்துப் பாருங்கள், சார். சமாதானமாகப் போயிருந்தால் என்ன கிடைத்திருக்கும்? ஒரு குச்சில், ஒரு சின்னக் குடிசை அளவு இடம். அவ்வளவுதான். சட்டத்துக்கு என்ன கிடைத்திருக்கும்?

என் நிலைமையையும் கொஞ்சம் பாருங்கள். வரப்புத் தகராறு, வாய்க்கால் தகராறு, அண்ணன் சுவரில் தம்பி ஆணி அடித்த தகராறு. தலை நரைத்ததே இவற்றில்தான். நான் யார், எதற்காக இந்தக் கறுப்புக் கோட்டு என்று சவரம் செய்யும்போதெல்லாம் கண்ணாடியில் கேட்டிருக்கிறேன். கண்ணாடி ஒன்றும் சொன்னதில்லை. எங்கள் பார் அசோசியேஷன் அலமாரியில் கறையான் மிச்சம் வைத்த ஒரு அமெரிக்கப் புத்தகம் உண்டு. இளம் வயதில் ஒரு நாள் மழைக்கு ஒதுங்கியபோது அதில் இந்த ரயில் வழக்கைப் படித்தேன். அன்றிலிருந்து காத்திருந்தேன், சார். சீர்வரிசையெல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு பெண் பிறக்கக் காத்திருப்பவன் மாதிரி காத்திருந்தேன்.

கேளுங்கள். அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் முடிந்து அடிமைகளை விடுவித்தார்கள். அவர்களுக்குப் பாதுகாப்பாக அரசியல் சட்டத்தில் ஒரு திருத்தம் எழுதினார்கள். சட்டத்தின் சமமான பாதுகாப்பை எந்த நபருக்கும் மறுக்கக் கூடாது என்று. யாருக்காக? சவுக்கடி பட்டவனுக்காக. அந்தக் கதவு வழியாக உள்ளே வர முண்டியடித்தது யார்? ரயில் கம்பெனி! "ஐயா, நானும் ஒரு நபர்தான். மற்றவன் நிலத்துக்கு அடமானக் கடனைக் கழித்துக்கொண்டு வரி போடுகிறீர்கள், எனக்குக் கழிக்க மாட்டேன் என்கிறீர்கள்" என்று ஒரே அழுகை. அதற்குக் கையில்லை, காலில்லை, அழக் கண்ணில்லை. ஆனாலும் நபர்.

சுப்ரீம் கோர்ட் வரை போனது. வாதம் தொடங்குமுன்பே தலைமை நீதிபதி சொல்லிவிட்டார்: இந்தத் திருத்தம் கம்பெனிகளுக்கும் பொருந்துமா என்பதில் வாதம் கேட்க எங்களுக்கு விருப்பமில்லை, பொருந்தும் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைக்கிறோம். முடிந்தது. தீர்ப்பில் அதைப் பற்றி ஒரு வரி கிடையாது. தீர்ப்பை எதை வைத்து எழுதினார்கள் தெரியுமா? வேலி. தண்டவாளத்து ஓரம் போட்ட வேலிக்கு வரி விதிக்க யாருக்கு அதிகாரம் என்பதை வைத்து. அந்தத் தீர்ப்பைப் புத்தகத்துக்குத் தொகுத்தவர், நீதிபதி வாயால் சொன்னதை எடுத்து உச்சியில் குறிப்பாகப் போட்டுவிட்டார். அவரே முன்பு ஒரு சின்ன ரயில் கம்பெனிக்குத் தலைவராக இருந்தவராம். அந்தக் குறிப்பைக் காட்டிக் காட்டியே பின்னால் வந்த கம்பெனிகள் எல்லாம் நபர்களாக நடமாடின.

இப்போது புரிகிறதா? ஒரு ரயில் கம்பெனி நபராகலாம் என்றால், ரயிலைக் காக்கிற மாடன் ஏன் ஆகக் கூடாது? நம் நாட்டிலும் சாமி சட்டப்படி ஒரு நபர்தான், சொத்து வைத்துக்கொள்ளலாம், வழக்குப் போடலாம். அது எல்லா வக்கீலுக்கும் தெரியும். ஆனால் ரயில்வேக்கு எதிராக, ரயில் கம்பெனி வழக்கையே காட்டி, ஒரு சுருட்டுக் குடிக்கிற சாமியை நிறுத்துவது என்றால், அதில் ஒரு அழகு இருக்கிறது, சார். அதுதான் பேச்சித்தாய்க்குப் புரியவில்லை.

மனுவில் வாதி, சிக்னல் மாடசாமி. சட்டத்தில் சாமி என்றைக்கும் மைனர் என்பதால் அவர் சார்பில் பேச்சித்தாய். தொழில் என்ற இடத்தில் என் குமாஸ்தா "காவல்" என்று போட்டான். தகப்பனார் பெயர் கேட்டு ஆபீசில் ஒரு பகல் முழுக்கச் சண்டை. கடைசியில் சிவபெருமான், இருப்பு கைலாசம் என்று எழுதினோம்.

ரயில்வே பக்கம் வக்கீல் கோமதிநாயகம். சட்டக் கல்லூரியில் எனக்கு ஜூனியர். மனுவைப் படித்துவிட்டுக் கோர்ட் கேன்டீனில் என் எதிரே வந்து உட்கார்ந்தான்.

"அண்ணாச்சி, உங்க கட்சிக்காரர் மைனர்ங்கியோ. வெள்ளிக்கிழம தோறும் ஒரு குவார்ட்டர் உள்ள போகுதாமே. மைனருக்கு ஊத்திக் குடுத்த கேஸ்ல அந்த அம்மாவ உள்ள வைக்கட்டுமா?"

"அவரு குடிக்கலடா. படைக்காங்க."

"பெறகு பாட்டில் எப்படிக் காலியாகுது?"

கேங்மேன்கள் குடிக்கிறார்கள் என்று கோர்ட்டில் சொல்ல முடியுமா? வடையைத் தின்றேன். சிரித்துக்கொண்டே என் டீக்கும் சேர்த்து அவனே காசு கொடுத்தான். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். கோமதிநாயகம் அடுத்தவன் டீக்குக் காசு கொடுக்கிற ஜாதி இல்லை.

வாதத்துக்கு நாள் வந்தது. புதுக் கோட்டு தைத்திருந்தேன். பேச்சித்தாய் குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசி, கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். வேலையை விட்டுவிட்டுக் கேங்மேன்கள் நாலைந்து பேர் வாசலில். முன்சீப் ஒரு இளம் பெண். என் மகளைவிடச் சின்னவர், ஆனால் கண்ணாடிக்கு மேலே பார்க்கிற பார்வை மட்டும் என் மாமியார் மாதிரி.

எழுந்தேன். தொண்டையைச் செருமினேன். "ஆயிரத்து எண்ணூற்று எண்பத்தாறில்" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன், சார்.

கோமதிநாயகம் எழுந்துவிட்டான். "அம்மா, கோர்ட் நேரத்த வீணாக்க வேண்டாம். மாடசாமி சட்டப்படி ஒரு நபர்ங்கத ரயில்வே மறுக்கல. முழுசா ஒத்துக்கிடுதோம்."

முன்சீப் எழுதிக்கொண்டே சொன்னார்: "ஒத்துக்கிட்டாச்சுல்ல. அப்ப அதுல வாதம் வேண்டாம். அடுத்த பாயின்ட் சொல்லுங்க, சார்."

அடுத்த பாயின்ட்! இருபத்தைந்து வருடமாக ஒரே பாயின்ட்டைத் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கி வைத்திருக்கிறேன், அடுத்த பாயின்ட் என்கிறார். நான் அலமாரிப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன். அட்டை உதிர்ந்து பெஞ்ச் கிளார்க் மேஜையில் கறையான் மண் விழுகிறது. அவன் அதை ஊதித் தள்ளுகிறான்.

முன்சீப் வரைபடத்தை எடுத்தார். "மாடசாமி வேலிக்கு உள்ள இருக்காரா, வெளிய இருக்காரா?"

வேலி, சார்! அங்கேயும் வேலி, இங்கேயும் வேலி. எனக்குப் புல்லரித்துவிட்டது. இந்தக் காலத்தில் வேறு எந்த வக்கீலுக்கு இப்படி ஒரு பொருத்தம் வாய்க்கும்?

உள்ளே இருக்கிறார் என்றேன். பட்டா உண்டா என்றார். இல்லை. ரயில்வே அனுமதி? இல்லை. வாடகை? மாடன் எங்கே வாடகை கொடுப்பார். அப்போது கோமதிநாயகம், டீக்குக் காசு கொடுத்த அதே சிரிப்போடு எழுந்து சொன்னான்: "அம்மா, இது ஒரு வழிபாட்டுக் கட்டடம்னு இவங்க வந்திருந்தா நாங்க கலெக்டர் ஆபீஸ் போகணும், பேச்சுவார்த்தை நடத்தணும், மாத்து எடம் பாக்கணும். அவங்களே கட்டடம் இல்ல, ஆளுன்னு சொல்லுதாங்க. ஆளுன்னா அனுமதி இல்லாமக் குடியிருக்க ஆளு. எந்திரிச்சுப் போகச் சொல்லுங்க."

மனு தள்ளுபடி. மாடசாமி என்ற நபர் ரயில்வே நிலத்தை விட்டு வெளியேற ஒரு மாதம் அவகாசம்.

நான் நிறைய யோசித்திருக்கிறேன், சார். எங்கே பிசகினேன்? வேறு யாரையும் நான் குறை சொல்வதில்லை. என்னைத்தான் கேட்டுக்கொள்கிறேன். வருடத்தைச் சொல்லித் தொடங்கியது தப்போ? கலிபோர்னியா என்று தொடங்கியிருந்தால் அந்த முன்சீப் அம்மாள் நிமிர்ந்து பார்த்திருப்பாரோ? குளிக்கும்போது இன்றைக்கும் வேறு வேறு மாதிரி தொடங்கிப் பார்க்கிறேன். இரண்டாவது வாக்கியத்துக்குப் போனால் போதும், அப்புறம் என்னை யாராலும் நிறுத்த முடியாது.

வராந்தாவில் பேச்சித்தாய் நின்றாள்.

"முக்கியமான பாயின்ட்ல ஜெயிச்சாச்சும்மா" என்றேன்.

"அப்ப எடம்?"

"எடம் இல்ல."

"பெறகு எதுல ஜெயிச்சோம்?"

"மாடன் ஒரு ஆளுதான்னு ரயில்வேயே ஒத்துக்கிட்டாம்லா. ரெக்கார்டுல ஏறிட்டு."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "அது எனக்குத் தெரியுமே, வக்கீலய்யா. ஆளு இல்லாமயா வெள்ளிக்கிழம வெள்ளிக்கிழம சோறு வச்சேன்?"

பிறகு அவளே தாமஸ் ஞானமுத்துவிடம் போய்க் கேட்டிருக்கிறாள். ஃபைல் மேலே போய்விட்டது, கோர்ட் உத்தரவு இருக்கும்போது வேலிக்கு வெளியேயும் ஒரு சாண்கூடத் தர இனி யாரும் கையெழுத்துப் போடமாட்டார்கள் என்று சொல்லிவிட்டார். சொல்லும்போது அந்த மனிதருக்குக் கண் கலங்கிவிட்டதாம். எதற்கும் கலங்குகிற ஆள் அவர்.

மாதம் முடிந்தது. பீடத்தைத் தொட ஒரு கேங்மேன்கூட வரவில்லை. மண்வெட்டியைப் போட்டுவிட்டு எல்லோரும் லீவு. இயந்திரம் ஓட்ட வந்தவன் எலுமிச்சம்பழம் வைத்துக் கும்பிட்டுவிட்டு, வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றான். கடைசியில் பேச்சித்தாய்தான் போனாள். குனிந்து ஒரு பிடி மண் எடுத்து மஞ்சள் துணியில் முடிந்தாள். "இனி இது செங்கல்தாம்பா, பயப்படாம இடிங்க" என்றாளாம். தகரத்தைப் பிரித்து ஒரு லோடு ஆட்டோவில் ஏற்றினாள். மண்ணை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்தாள்.

நான் சாயங்காலம் வீட்டுக்கு வருகிறேன். என் வீட்டுக் காம்பவுண்டுக்குள், கேட்டுக்குப் பக்கத்தில், நான் ஸ்கூட்டர் நிறுத்துகிற இடத்தில், ஈரம் காயாத பீடம். சுருட்டு புகைந்துகொண்டிருக்கிறது. பக்கத்தில் அதே தகரம். கேங்மேன்கள் வரிசையாக உட்கார்ந்து என் வீட்டுத் தம்ளரில் டீ குடிக்கிறார்கள்.

என் மனைவி ஆவுடையம்மாள்தான் இடம் கொடுத்திருக்கிறாள். என்னைக் கேட்கவில்லை. என்ன இது என்று கேட்டேன்.

"மைனர் புள்ளைன்னு நீங்கதான கோர்ட்டுல எழுதிக் குடுத்திய? மைனர் புள்ளைய நடுத்தெருவுலயா விடச் சொல்லுதிய?"

"அந்த அம்மா?"

"புள்ளைய யாரு பாத்துக்கிடுவா? நீங்களா?"

வீட்டில் என் வாதம் எப்போதும் முதல் வாக்கியத்தோடு முடிந்துவிடும். அது பழகிப்போனது.

இப்போது நிலைமையைக் கேளுங்கள். எங்கள் தெருவில் போகிற ஆட்டோ, வேன், மினி பஸ் எல்லாம் என் வீட்டு வாசலில் ஹாரன் அடிக்கிறது. காலையில் மனுவைத் தூக்கிக்கொண்டு வருகிற கட்சிக்காரன் முதலில் மாடனுக்குத் தேங்காய் வாங்குகிறான். வாங்குகிறபோது பேச்சித்தாய் என்ன விஷயம் என்று கேட்கிறாள். அவன் சொல்கிறான். அவள் டீ போட்டுக் கொடுத்து, எதிர்க்கட்சிக்காரனுக்கும் ஆள் அனுப்பி வரவழைத்து, "மாடன் முன்னால வச்சுப் பேசுங்கப்பா" என்கிறாள். பேசுகிறார்கள். அண்ணன் ஆணியைப் பிடுங்கிக்கொள்ளச் சொல்கிறான், தம்பி பிடுங்கிக்கொள்கிறான். என் ஆபீஸ் படி வரைக்கும் வருவதே இல்லை. போன மாதம் என் குமாஸ்தாவே தன் மைத்துனன் தகராறை அங்கே தீர்த்துக்கொண்டு, எனக்கு ஒரு பழம் கொண்டுவந்து தந்தான்.

அவள்மேல் எனக்குக் கோபமில்லை. இடம்தான் கேட்டாள், கிடைத்துவிட்டது. ஆனால் அது என் இடம், சார். காலி செய்யச் சொல்லலாம் என்று பார்த்தால், கோமதிநாயகம் இப்போதே சொல்லிவிட்டான், மாடனுக்கு ஃபீஸ் வாங்காமல் ஆஜராவானாம். "அண்ணாச்சி, வீட்டுக்காரி சம்மதத்தோட குடியிருக்க ஆளு. நீங்க வாதாடுன கேஸையே காட்டுவேன். ஆளு இல்லன்னு நீங்க எந்த வாயால சொல்லுவிய?" என்கிறான்.

அதற்குத்தான் மதுரைக்குப் போகிறேன். அங்கே ஹைகோர்ட் லைப்ரரியில் பெரிய பெரிய புத்தகங்கள் இருக்கின்றன. அமெரிக்காவிலேயே பிற்காலத்தில் எவனாவது ஒரு நீதிபதி, "அதெல்லாம் ஆளே இல்லை, போ" என்று எழுதியிருப்பான். எழுதாமலா இருப்பான்? ஒரு வரி போதும். உங்கள் மகளிடம் கொஞ்சம் விசாரித்துச் சொல்ல முடியுமா? கம்ப்யூட்டர் வேலை என்றால் என்ன, அங்கே கோர்ட் பக்கம் போகிற ஒருத்தரைத் தெரியாமலா இருக்கும்? என் நம்பரை எழுதிக்கொள்ளுங்கள்.

நகர்கிறது, பாருங்கள். காதைக் கொஞ்சம் பொத்திக்கொள்ளுங்கள், இப்போது டிரைவர் ஹாரன் அடிப்பார்.

அடித்தார் பார்த்தீர்களா? இதைத்தான் என்னால் புரிந்துகொள்ள முடியவில்லை. அங்கே இப்போது ஒன்றுமே இல்லை, வெறும் தண்டவாளம். ஆள் என் வீட்டு வாசலில் இருக்கிறார். கோர்ட்டில் ஒத்துக்கொண்டு, ரெக்கார்டில் ஏறி, முறையாக வெளியேறிவிட்டார். அப்புறம் யாருக்கு இந்த ஹாரன்? படித்த டிரைவர்கள், சார்.

ஏன் சிரிக்கிறீர்கள்?

கன்னத்திலா? நானா போட்டுக்கொண்டேன்? இல்லை சார், கொசு.